மலையேறி வந்த கிட்டார் ஏன் பேசவில்லை?

காப்பியும் மிளகும் ஆரஞ்சும் நீங்கலாக, ஏற்காட்டில் நாம் பயன்படுத்தும் பொருள்களில் பெரும்பாலானவை கீழிருந்து மேலே வருபவையே. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. நாமோ 1,500 மீட்டர் அளவில் இருக்கிறோம். இடையே சுமார் 30 கிலோ மீட்டர் சாலை. அதில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அரிசி மூட்டைக்கு இந்தப் பயணத்தால் ஒன்றும் ஆவதில்லை. பிஸ்கட் பெட்டி நொறுங்கி வந்தால் விடுதியில் யாரும் வருந்துவதும் இல்லை. ஆனால் உள்ளே ஒயரும் நட்டும் பாட்டரியும் கொண்ட ஓர் இசைக்கருவி இந்தச் சாலையில் வரும்போது என்ன நேர்கிறது என்பதை நாம் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

இதை எழுதத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. பாடகர் குழுவிலுள்ள மாணவி ஒருத்திக்கு அவள் தந்தை புதிய கிட்டார் ஒன்று வாங்கி அனுப்பினார். நம் நாட்டில் கிட்டார் செய்யும் பட்டறைகள் பல உள்ள கொல்கத்தாவிலிருந்து, ஏறத்தாழ 2,000 கிலோ மீட்டர் லாரியில் வந்த கருவி அது. கையால் மீட்டினால் அழகாக ஒலித்தது. ஒலிபெருக்கியில் இணைத்தாலோ ஒரு கரகரப்பு, பிறகு அமைதி. கிறிஸ்துமஸ் கீத நிகழ்ச்சிக்கு இரண்டு வாரமே இருந்தது. "மிஸ், இது செத்துப்போச்சு. அப்பா திருப்பி அனுப்பச் சொல்றாங்க," என்று கண்கலங்க நின்றாள். திருப்பி அனுப்பி மாற்றுக் கருவி வருவதற்குள் தவக்காலமே வந்துவிடும். அது சாகவில்லை, ஏதோ கழன்றிருக்கிறது, அவ்வளவுதான் என்று சொன்னேன். பயணம் செய்து வந்த கருவிகளில் பத்துக்கு எட்டு இப்படித்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

முதலில் இந்தக் கிட்டார் எவ்வாறு பேசுகிறது என்று காண்போம். சாதாரண மரக் கிட்டாரில் தந்தியின் அதிர்வு பாலத்தின் வழியே மேற்பலகைக்குச் சென்று, பலகையும் உள்ளிருக்கும் காற்றும் அதிர்ந்து ஒலி எழுகிறது. மின் இணைப்புள்ள மரக் கிட்டாரில் இதோடு இன்னொரு வழியும் உண்டு. பாலத்தின் மேல் தந்திகள் ஏறி அமரும் வெள்ளைத் துண்டு ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அதற்குச் சாடில் என்று பெயர். அந்தச் சாடிலுக்கு அடியில், அதே காடிக்குள், தீக்குச்சியைவிட மெல்லிய நீண்ட பட்டை ஒன்று படுத்திருக்கிறது. இதுவே பிக்கப். தந்தி அதிரும்போதெல்லாம் சாடில் இந்தப் பட்டையை அழுத்தி அழுத்தி விடுகிறது. அழுத்தப்படும்போது அது மின்சாரம் தருகிறது.

அழுத்தினால் மின்சாரம் வருமா என்று ஐயுறுவோர் வீட்டுச் சமையலறைக்குப் போய்ப் பாருங்கள். கேஸ் அடுப்பு பற்றவைக்கும் லைட்டரில் பாட்டரி இல்லை. 'டக்' என்று அழுத்தும்போது உள்ளே ஒரு சிறு சுத்தி பீங்கான் போன்ற கட்டி ஒன்றைத் தட்டுகிறது, பொறி பறக்கிறது. பிக்கப்பிலும் அதே தத்துவம்தான். இதை 1880-இல் பாரிஸில் கண்டறிந்தவர்கள் ஜாக் கியூரி, பியர் கியூரி என்னும் சகோதரர்கள். தம்பி பியருக்கு அப்போது வயது 21. இவரே பின்னாளில் மேரி கியூரி அம்மையாரின் கணவரானார். அதைவிடச் சிறப்பான செய்தி ஒன்று உண்டு. யுரேனியத்திலிருந்து வரும் கதிர்களின் வலிமையை மேரி அம்மையார் 1898-இல் அளந்தபோது, அவர் மேசைமேல் இருந்த அளவுகருவியில் வேலை செய்ததும் இதே அழுத்த மின்சாரம் தரும் பளிங்குத் தகடுதான். நோபல் பரிசுக்கு வழி வகுத்த அந்தத் தத்துவம் இன்று நம் கிட்டாரின் சாடிலுக்கு அடியில் கிடக்கிறது.

மரக் கிட்டாரில் இத்தகைய பிக்கப்பைப் பொருத்தி 1970 வாக்கில் பரப்பியவர்களில் முன் நிற்பது அமெரிக்காவின் ஓவேஷன் நிறுவனம். அதை நிறுவிய சார்லஸ் கேமன் ஹெலிகாப்டர் தயாரித்தவர். ஹெலிகாப்டரில் அதிர்வை அடக்க வழி தேடியவர், கிட்டாரில் அதிர்வை வளர்க்கப் புகுந்தார் என்பது வேடிக்கைதான்.

பிக்கப் தரும் மின்சாரம் மிக மெலிது. நீண்ட கேபிளில் அனுப்பினால் வழியிலேயே நலிந்துவிடும். ஆகவே கிட்டாரின் பக்கப் பலகையில் பிரீஆம்ப் என்னும் சிறு பெட்டி பதிக்கப்பட்டிருக்கிறது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் உள்ள பெட்டி அதுதான். அதற்கு உணவு ஒரு 9 வோல்ட் பாட்டரி. பெட்டியிலிருந்து ஓர் ஒயர் கிட்டாரின் அடிப்பக்கம் வரை சென்று, கேபிள் செருகும் ஜாக்கில் முடிகிறது. சாடிலடிப் பட்டை, பிரீஆம்ப், பாட்டரி, ஜாக் - இவற்றை இணைக்கும் இரண்டு மூன்று ஒயர்கள். இவ்வளவே.

இனி, பயணத்தில் இவை ஏன் கழல்கின்றன? இறுக்கிய நட்டு உராய்வினால்தான் நிற்கிறது. பக்கவாட்டில் திரும்பத் திரும்ப அசைவு ஏற்பட்டால் அந்த உராய்வு கணநேரம் கைவிட்டுப் போகிறது; அந்தக் கணத்தில் நட்டு மயிரிழை அளவு பின்னோக்கித் திரும்புகிறது. ஆயிரம் முறை குலுங்கினால் ஆயிரம் மயிரிழை. ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் இதை ஆராய்ந்து 1969-இல் வெளியிட்டார். மேலும் கீழும் குதிப்பதைவிடப் பக்கவாட்டு ஆட்டமே நட்டை அதிகம் கழற்றும் என்பது அவர் கண்ட உண்மை. நம் கொண்டை ஊசி வளைவுகளை அவர் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். இதற்கு வெப்பமும் துணை. கோடையில் சேலத்து வெயிலில் நிற்கும் லாரிக்குள் வெப்பம் தாங்க முடியாது. கிட்டாரின் உள்ளே ஒயர்களை ஒட்டிப் பிடித்திருக்கும் சிறு கிளிப்புகளின் பசை அதில் இளகிவிடும். இளகிய பசையும் குலுங்கும் ஒயரும் சேர்ந்தால் மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகையால் பெட்டி வந்ததும் அவசரப்படலாகாது. வெயிலில் வெந்து வந்த கருவியை மலைக் குளிரில் சட்டென்று திறந்தால் மேற்பூச்சில் மெல்லிய வெடிப்புகள் விழக்கூடும். மூடியபடியே ஓர் இரவு அறையில் வையுங்கள். திறக்கும்போது கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டைப் பெட்டி நசுங்கியிருந்தால் அதையும். பிறகு மரத்தைப் பாருங்கள். பலகையில் வெடிப்பு, கழுத்து இணையும் இடத்தில் பிளவு, பாலத்தின் பின்விளிம்பு பலகையை விட்டுத் தூக்கியிருத்தல் - இவற்றுள் ஒன்று இருந்தாலும் கருவியில் கை வைக்காமல் விற்றவருக்கு எழுதுங்கள். திருப்பி எடுத்துக்கொள்ள அவர்கள் தரும் நாள்கள் குறைவு. பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். நாம் ஸ்குரூவைத் திருகிய பிறகு திருப்பி வாங்க மறுக்கும் கடைகளும் உண்டு. மரம் நன்றாக இருந்து, மின்பகுதி மட்டும் பேசவில்லை என்றால், திருப்பி அனுப்பி இன்னொரு முறை 20 வளைவுகளையும் காட்டுவதைவிட நாமே பார்ப்பது மேல். அப்போதும் விற்றவருக்கு ஒரு வார்த்தை தெரிவித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். மருத்துவரும் முதலில் நாக்கை நீட்டச் சொல்கிறாரேயன்றி வயிற்றைக் கிழிப்பதில்லை. வேறொரு நல்ல கேபிளைச் செருகிப் பாருங்கள். அதே கேபிளில் வேறு கருவி ஒலிக்கிறதா என்றும் பாருங்கள். குமிழ்கள் சுழியத்தில் இருக்கின்றனவா? பல பிரீஆம்புகளில் சுருதி பார்க்கும் டியூனர் உண்டு. அது எரிந்துகொண்டிருக்கும்போது ஒலிபெருக்கிக்கு ஒலி போகாதபடி சில வகைகளில் அமைத்திருக்கிறார்கள். இதை அறியாமல் புதிய கருவியைப் பழி சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து பாட்டரி. கருவியோடு வரும் பாட்டரி பெரும்பாலும் பழையது. புதியதைப் போட்டுப் பார்ப்பதே சுருக்கமான சோதனை. 9 வோல்ட் பாட்டரி 7 வோல்ட்டுக்கு இறங்கினால் ஒலி மெலிந்து கரகரக்கத் தொடங்கும். ஆய்வகத்து மல்டிமீட்டரில் அளந்து பார்க்கலாம். (நாக்கில் தொட்டுப் பார்க்கும் முறை ஒன்று விடுதியில் வழங்குவதாகக் கேள்வி. வேண்டாம்.) பாட்டரியின் தலையில் மாட்டும் இரட்டைப் பித்தான் தளர்ந்திருந்தால், பாட்டரியை எடுத்துவிட்டு, அதன் பூவிதழ் போன்ற விளிம்பை மெல்ல உட்புறமாக நெருக்கிவிட்டால் இறுகப் பிடிக்கும். பாட்டரியே அறையிலிருந்து கழன்று கிட்டாருக்குள் உருண்டு கொண்டிருப்பதும் உண்டு. அது பலகையையும் அடிக்கும், ஒயரையும் இழுக்கும்.

டியூனர் விளக்கு எரிகிறது, ஒலி மட்டும் வரவில்லை என்றால் பாட்டரி நலம். குற்றம் பிக்கப் ஒயரிலோ ஜாக்கிலோ இருக்கிறது. செருகிய பிளக்கை மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஆட்டும்போது ஒலி வந்து வந்து போனால் ஜாக்தான்.

ஜாக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நல்லெண்ணத்தோடு கருவியைக் கெடுப்பது இங்கேதான் நடக்கிறது. ஜாக்கினுள் மூன்று தொடுமுனைகள் உள்ளன. ஒன்று ஒலிக்கு. ஒன்று தரைக்கு. மூன்றாவது பாட்டரியின் எதிர்முனைக்கு. பிளக்கைச் செருகியதும் அதன் உலோக உடல் இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துவிடுகிறது. அப்போதுதான் பாட்டரியின் சுற்று முழுமையாகி பிரீஆம்ப் விழிக்கிறது. அதாவது பிளக்தான் சுவிட்ச். (வாசித்து முடித்த பின்னும் கேபிளைச் செருகியே வைத்தால் இரவெல்லாம் பாட்டரி கரைவது இதனால்தான்.) ஜாக் சற்றுச் சாய்ந்து நின்றால்கூட இந்தத் தொடுகை விட்டு விட்டு வரும்.

வெளியே தெரியும் நட்டு தளர்ந்திருக்கிறது என்று கண்டவுடன் கட்டிங் பிளேயரை எடுத்துத் திருகுவோம். நட்டு திரும்பும்; ஆனால் அதோடு சேர்ந்து உள்ளே ஜாக் முழுவதும் திரும்பும். இரண்டு சுற்றில் ஒயர் முறுகும், நான்காம் சுற்றில் பற்றவைத்த இடம் பிய்த்துக்கொண்டு வரும். ஐந்து நிமிட வேலை இப்படித்தான் ஐந்து நாள் வேலையாகிறது. ஆகவே முதலில் ஜாக்கை அசையாமல் பிடிக்க வேண்டும், பிறகே நட்டை இறுக்க வேண்டும். தட்டில் பதித்த ஜாக்கானால் தட்டின் ஸ்குரூக்களைக் கழற்றி, ஒயர் தாங்கும் அளவுக்கு மட்டும் வெளியே இழுத்து, ஜாக்கின் உடலை விரலால் பிடித்துக்கொண்டு இறுக்கலாம். பெல்ட் மாட்டும் குமிழோடு சேர்ந்த ஜாக்கானால் அந்தக் குமிழ் மூடியைத் திருகி எடுங்கள். உள்ளிருக்கும் உலோகக் குழலில் குறுக்கே ஒரு சிறு துளை தெரியும். அதில் மெல்லிய ஆணி ஒன்றைச் செருகிக் குழலைப் பிடித்துக்கொண்டு, அளவான ஸ்பானரால் நட்டை இறுக்குங்கள். கையால் இறுக்கி, அதன் பின் கால் சுற்று போதும். உட்புறம் பல் பல்லாக நட்சத்திரம் போல ஒரு வாஷர் இருக்க வேண்டும். மரத்தைப் பற்றிக்கொண்டு நட்டைத் திரும்ப விடாமல் காப்பது அதுவே. விழுந்து கிடந்தால் தேடி எடுத்து மாட்டுங்கள்.

ஜாக் முழுவதும் உள்ளே விழுந்துவிட்டாலும் அஞ்ச வேண்டாம். முனை சீவிய மூங்கில் குச்சி ஒன்றை அடித்துளை வழியே உள்ளே விட்டு, ஒலித்துளை வழியாக மற்றக் கையை நுழைத்து, ஜாக்கின் வாயைக் குச்சியின் முனையில் பதித்து, குச்சியை மெல்ல வெளியே இழுத்தால் ஜாக் பின்தொடர்ந்து வந்து துளையில் தலை நீட்டும்.

உள்ளே கை விடுவது என்றதும் மாணவியர் தயங்குவர். ஆனால் இந்த வேலைக்கு உங்களைவிடத் தகுதியானவர் இல்லை. வளர்ந்த ஆடவரின் கை பல கிட்டார்களின் ஒலித்துளையில் நுழையாது. நுழைந்தாலும் மணிக்கட்டோடு நிற்கும். பதினான்கு வயதுப் பெண்ணின் கை எளிதாகப் போய்வரும். வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட வேண்டும். உட்பலகையில் கீறல் விழும், ஒயரிலும் மாட்டும். தந்திகளை முதலில் தளர்த்துங்கள். ஒரே தந்தியை முழுவதும் அவிழ்க்காமல், எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக. உள்ளே பார்க்க முன்பெல்லாம் முகம் பார்க்கும் சிறு கண்ணாடியும் டார்ச் விளக்கும் வேண்டியிருந்தன. இப்போது கைப்பேசியின் விளக்கை ஏற்றித் துளைக்குள் விட்டு நான்கு திசையிலும் படம் எடுத்தால் போதும்.

படத்தில் எதைத் தேடுவது? தொங்கும் ஒயர், பலகையை விட்டு உதிர்ந்த கிளிப், பிரீஆம்பின் பின்புறத்திலிருந்து பாதி வெளியே வந்த சிறு பிளக். பல கிட்டார்களில் சாடிலடிப் பட்டையின் ஒயர், கைப்பேசியில் காதொலிப்பான் செருகுவது போன்ற ஒரு குட்டிப் பிளக்கினால்தான் பெட்டியோடு இணைகிறது. பாதி கழன்றால் கரகரப்பு. முழுதும் கழன்றால் அமைதி. நம் மாணவியின் கிட்டாரில் நடந்தது இதுதான். கிளிப் உதிர்ந்து, ஒயர் ஊசலாடி, தன் எடையாலேயே பிளக்கை இழுத்திருந்தது. அவளே கையை விட்டு அழுத்தினாள், 'கிளிக்' என்றது. ஜாக்கின் நட்டும் தளர்ந்திருந்தது. அதையும் அவளே இறுக்கினாள். செலவு, ஒட்டும் கிளிப்புகளுக்குச் சில ரூபாய்.

கிளிப் ஒட்டுமுன் அந்த இடத்தின் மரத்தூளை உலர்ந்த துணியால் துடையுங்கள். ஒயரை விறைப்பாக இழுத்துக் கட்டாமல் சற்றே தளர்வு விட்டு ஒட்டுங்கள். செல்லோடேப் வேண்டாம், சில மாதங்களில் காய்ந்து உதிரும். எதையும் உடனே ஒட்டும் அந்தச் சிறு குப்பிப் பசை அறவே வேண்டாம். அடுத்த முறை பழுது பார்ப்பவர் உங்களை வாழ்த்த மாட்டார்.

எல்லாத் தந்திகளும் ஒலிக்க, ஒன்று மட்டும் மெலிந்து கேட்டால் சாடிலைச் சந்தேகியுங்கள். அனுப்புமுன் தந்திகளை முழுவதும் தளர்த்திவிடும் கடைகள் உண்டு. அழுத்தம் நீங்கியதும் சாடில் நகரும். காடிக்குள் மரத்தூள் புகும். பட்டையும் சாடிலும் ஓரிடத்தில் ஒட்டாமல் நிற்கும். அங்கே அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லாத இடத்தில் மின்சாரமும் இல்லை. தந்திகளைத் தளர்த்திச் சாடிலை நேராக மேலே எடுத்து, எந்த முனை எந்தப் பக்கம் என்று பென்சிலால் அதன் அடியில் குறித்துக்கொண்டு, காடியை மென்மையான தூரிகையால் துடைத்து, பட்டை முழுவதும் படிந்து கிடக்கிறதா என்று பார்த்துத் திரும்ப வையுங்கள். பட்டையை நிமிர்த்துகிறேன் என்று மடக்கிவிட்டால் பிறகு அது பேசவே பேசாது. சாடிலின் அடியைத் தேய்ப்பது அனுபவசாலிகளின் வேலை.

ஒயர் பற்றவைத்த இடத்திலேயே அறுந்திருந்தால் நாம் நிறுத்த வேண்டிய இடம் அது. சால்டரிங் அயர்ன் கொண்டு ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். அரை நிமிட வேலைதான். ஆயினும் பழகிய கை வேண்டும். பிக்கப் ஒயரில் நடுவே ஒரு கம்பியும், அதைச் சுற்றிப் பின்னிய வலைக் கம்பியும் உண்டு. வலையின் ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டால் ஒலி அடங்கிவிடும். வலை அறுந்தால் 'உம்ம்' என்ற இரைச்சல் எழும். சேலத்தில் டி.வி., ரேடியோ பழுது பார்ப்பவர் எவரும் இதைச் செய்து தருவார். அவரிடம் ஜாக்கையும் ஒயரையும் காட்டி, எது எங்கே இருந்தது என்று நீங்கள் எடுத்த படத்தையும் காட்டுங்கள். சாடிலடிப் பட்டைக்கு அருகே சூடு படக்கூடாது என்றும், பாட்டரியை எடுத்துவிட்டு வேலை செய்யும்படியும் சொல்லுங்கள். ஒலிபெருக்கிப் பெட்டியை மட்டும் நாம் திறக்கலாகாது. கிட்டாரில் ஓடுவது 9 வோல்ட். அதில் வருவது சுவரிலிருந்து 230 வோல்ட்.

விடுமுறைக்குக் கருவியைக் கீழே கொண்டு செல்வோருக்கு ஒன்று கூற வேண்டும். பாட்டரியைக் கழற்றித் தனியே துணியில் சுற்றி வையுங்கள். தந்திகளை முழுவதும் அவிழ்க்காமல் ஓரிரு சுற்று மட்டும் தளர்த்தினால் சாடில் இடம் பெயராது. தலைப்பகுதிக்கு அடியிலும் கழுத்துக்கு அடியிலும் மடித்த துணி வைத்து, உறைக்குள் கருவி ஆடாமல் செய்யுங்கள். இங்கே குளிர்ந்திருந்த கிட்டாரைச் சேலத்திலோ சென்னையிலோ இறங்கியவுடன் திறந்தால், குளிர்ந்த டம்ளரின்மேல் நீர் அரும்புவது போல உள்ளே பிரீஆம்பின் மேலும் ஈரம் படியும். வீடு சேர்ந்து சில மணி நேரம் கழித்துத் திறந்து, முதலில் ஜாக்கின் நட்டை விரலால் தொட்டுப் பாருங்கள்.